பழைய ரெஸ்லிங் பார்க்கும்போது தோற்பவரைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பார்த்து வளர்ந்தவன் நான். முடிவெல்லாம் முன்பே பேசி வைத்தது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். இப்போது என் பையன் அதைப் பற்றிக் கேட்கிறான். பழைய மேட்ச்களைத் திரும்பப் பார்ப்பதில் ஏதாவது இருக்கிறதா? எங்கிருந்து ஆரம்பிப்பது? பையனுக்குக் காட்டலாமா?"

இருக்கிறது. தாராளமாகப் பாருங்கள். முப்பது வருஷமாகப் பார்க்கிறவன் சொல்கிறேன்: முடிவு தெரியாமல் பார்த்த சின்ன வயதைவிட, எல்லாம் தெரிந்து பார்க்கிற இந்த வயதில்தான் எனக்கு ரெஸ்லிங் அதிகமாகப் பிடிக்கிறது. ஆனால் பார்க்கிற விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நம் கண் முழுக்க ஜெயிப்பவர் மேல் இருந்தது. இனி தோற்பவர் மேல் இருக்கட்டும். நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேலம், அம்மாபேட்டை. வீட்டுக்குள் குழித்தறி, தெரு முழுக்கத் தறிச் சத்தம். எங்கள் தெருவில் முதலில் கேபிள் இழுத்தது ஒரு ஜரிகை வியாபாரி வீட்டில். ரெஸ்லிங் போடும் நேரத்துக்கு அந்த வீட்டு வாசற்படியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்போம். டிவி உள்ளே கூடத்தில் இருக்கும். படியில் இருப்பவர்களுக்குப் பாதித் திரைதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் ரெஸ்லிங் கார்டு. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை ஃபைட், எத்தனை வெற்றி என்று ஒவ்வொரு கார்டிலும் அச்சடித்திருக்கும். அதை வைத்து மதிய இடைவேளை முழுக்க ஆடுவோம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பதை நம்பாத பையன் எங்கள் வகுப்பில் ஒருவன்கூட இல்லை. அது எங்கள் பள்ளிக்கூடத்துக் கதை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் திருநெல்வேலிக்காரனும் அதையே சொன்னான், தஞ்சாவூர்க்காரனும் அதையே சொன்னான்.

அந்தக் கதை சும்மா கிளம்பியதில்லை. 1994 ஜனவரி, ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் யோகோசூனா என்கிற பெருத்த ஆளோடு ஒரு சவப்பெட்டி மேட்ச். ஒரு பெரிய கூட்டமே உள்ளே புகுந்து அண்டர்டேக்கரை அடித்துப் பெட்டியில் போட்டு மூடியது. பெட்டியிலிருந்து புகை கிளம்பியது, திரையில் அவர் முகம் தெரிந்து பேசியது, அப்புறம் அவரைப் போன்ற ஓர் உருவம் கூரையை நோக்கி மேலே போனது. ஏழு மாதம் ஆளைக் காணோம். ஆகஸ்டில் சம்மர்ஸ்லாமில் திரும்பி வந்தால், எதிரே அவர் மாதிரியே உடுத்திக்கொண்டு இன்னொரு அண்டர்டேக்கர் நிற்கிறார். 1996 அக்டோபரில் மேன்கைண்டோடு மேட்ச் முடிந்த பிறகு பலர் சேர்ந்து அவரைக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்கள். அடுத்த மாதமே வந்துவிட்டார். ஆங்கில வர்ணனை புரியாமல், பாதித் திரையில், நடுநடுவே கரண்ட் போய்ப் பார்த்த பையன்களுக்குக் கணக்கு ஏழு வரைக்கும் போனதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்தது என்று பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். என்னை அதிலிருந்து மீட்டவர் எங்கள் சித்தப்பா. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தபடியே கேட்டார்.

"என்னடா, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?"

"அதெல்லாம் பொய்யாம் சித்தப்பா. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசிக்குவாங்களாம்."

கை நிற்கவில்லை. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. "துரியோதனன் சாவான்னு உனக்குத் தெரியாதா? அப்புறம் எதுக்குடா போன வாரம் விடிய விடியக் கூத்துல உக்காந்திருந்த?"

சேலம், தருமபுரிப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதினெட்டாம் நாள் போருக்கு ஊரே கூடும். முடிவு ஊரில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் யாரும் எழுந்து போவதில்லை. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கூத்து ஜமாவில் யார் நன்றாக ஆடுவாரோ, யாருக்குக் குரல் நிற்குமோ, துரியோதனன் வேஷமும் கர்ணன் வேஷமும் அவருக்குத்தான் போகும். கர்ண மோட்சம் போட்டால் பின்னிரவு மூன்று மணிக்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அம்பு விட்ட அர்ஜுனனுக்காக யாரும் அழுவதில்லை. விழுகிறவனை ஆடுவது கஷ்டமான வேலை. அதற்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும். ரெஸ்லிங்கிலும் அதே கணக்குத்தான் என்று எனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் ஆனது.

சரி, ரிங்குக்குள் போவோம். ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, பலகையின் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். நாம் நினைத்த மாதிரி மெத்தை கிடையாது. அதில் விழுவதற்கு பம்ப் என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு மொத்தமும் ஒரே நேரத்தில் தரையில் படுகிற மாதிரி, இரண்டு கைகளும் பலகையில் அறைய விழ வேண்டும். தாடை தூக்கினால் பின்மண்டை அடிபடும். பயந்து கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். இப்படி ஓர் இரவில் பத்து இருபது முறை, வருஷத்தில் இருநூறு இரவுகளுக்கு மேல் விழுந்தவர்கள் எண்பது, தொண்ணூறுகளின் ஆட்டக்காரர்கள். முடிவு பேசி வைத்ததுதான். விழுவது மட்டும் நிஜம்.

ஒருவரைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுகிறார்களே, அதில் பாதி வேலை தூக்கப்படுபவருடையது. அவர் சரியான நேரத்தில் துள்ளி, உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு தன் எடையைக் கொடுக்காவிட்டால் எந்தப் பலசாலியாலும் அழகாகத் தூக்க முடியாது. அப்புறம் கழுத்தைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு சும்மா நிற்பது போல ஒரு நேரம் வருமே, சின்ன வயதில் நமக்குச் சலிப்பாக இருந்த இடம். அங்கேதான் இருவரும் காதோடு காதாக அடுத்து என்ன என்று பேசிக்கொள்கிறார்கள். இன்னொன்று: அமெரிக்க ரெஸ்லிங்கில் கை, கால், கழுத்து எதைப் பிடித்தாலும் பெரும்பாலும் இடப்பக்கத்தைத்தான் பிடிப்பார்கள். மெக்சிகோவில் லூச்சா லிப்ரே ஆட்டக்காரர்கள் வலப்பக்கம் பிடிப்பார்கள். முன்பின் பழகாத இரண்டு பேர்கூட ரிங்கில் ஒருவரையொருவர் நம்பி ஆடுவதற்கு இப்படி ஒரு பொது வழக்கம் உதவுகிறது. இது தெரிந்த பிறகு ஒரு பழைய மேட்சைப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு பிடியிலும் கண் தானாக இடது கைக்குப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வேலை இருக்கிறது. அதை செல்லிங் என்கிறார்கள். அடி எவ்வளவு வலித்தது, எங்கே வலித்தது, ஐந்து நிமிஷம் கழித்தும் வலிக்கிறதா என்பதை அடி வாங்கியவர்தான் நமக்குச் சொல்ல வேண்டும். முழங்காலில் அடிபட்டவர் கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிட்டு ஓடினால் அதுவரை நடந்ததெல்லாம் வீண். கடைசி வரை நொண்டினால், ஜெயித்த பிறகும் நொண்டிக்கொண்டே பெல்ட்டைத் தூக்கினால், அந்த மேட்ச் மனசில் தங்கும். இதற்குக் கார்டில் இடமே இல்லை. எத்தனை வெற்றி என்றுதான் அச்சடித்தார்கள்.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். 1987 மார்ச் 29, மிச்சிகனில் பான்டியாக் சில்வர்டோம் மைதானத்தில் நடந்த மூன்றாவது ரெஸில்மேனியாவில் ஆரம்பியுங்கள். டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இன் வருஷாந்திரப் பெரிய நிகழ்ச்சி அது. 93,173 பேர் வந்தார்கள் என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. அந்த எண்ணிக்கையை மறுப்பவர்கள் உண்டு, ஆனால் கூட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். அன்றைக்கு ராண்டி சாவேஜுக்கும் ரிக்கி ஸ்டீம்போட்டுக்கும் இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்காக ஒரு மேட்ச். கால் மணி நேரம்கூட ஓடாது. சாவேஜ் அந்த மேட்சின் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதி வைத்து, ஸ்டீம்போட்டோடு சேர்ந்து மனப்பாடம் செய்தார். அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் ரிங்கிலேயே பேசிப் பேசி ஆடுவார்கள் என்பதால் இது அரிதான விஷயம். தோள்கள் தரையில் இருக்கும்போது நடுவர் மூன்று எண்ணிவிட்டால் தோல்வி. இரண்டு வரை எண்ணி, மூன்றாவது எண்ணுவதற்குள் தோளைத் தூக்குவது அதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நாம் ஏமாறுவோம். இத்தனையும் எழுதியவர் சாவேஜ். தோற்றவரும் சாவேஜ்தான். தன் தோல்விக்குத் தானே ஒத்திகை பார்த்த ஒருவரைப் பார்க்கிறோம் என்ற நினைப்போடு பார்த்தால் கடைசி ஒரு நிமிஷம் வேறு மாதிரி தெரியும். ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடிக்கும்போது சாவேஜின் கால்களைக் கவனியுங்கள்.

அதே இரவின் கடைசி மேட்ச் ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜெயன்ட்டும். ஆட்டமாகப் பார்த்தால் மெதுவானது, அழகும் குறைவு. ஆனால் ஹோகன் ஆந்த்ரேவைத் தூக்கிப் போடும் அந்த ஒரு நொடியை உலகம் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமானவர் ஆந்த்ரே. அதற்கு முந்தைய வருஷம்தான் முதுகில் அறுவை சிகிச்சை. உடைக்குள் முதுகுக் கச்சை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் சம்மதிக்காமல் அவரை யாராலும் தூக்க முடியாது. வலியோடு வந்து, இன்னொருவரைப் பெரிய ஆளாக்கிவிட்டுப் போனார். 1993 ஜனவரியில் இறந்தபோது வயது 46.

அடுத்ததாக ரிக் ஃபிளேர். இவரை நம் தெருவில் யாருக்கும் அன்றைக்குச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் எண்பதுகளில் அவர் ஆடியது வேறு நிறுவனத்தில். 1989-இல் ஃபிளேரும் ஸ்டீம்போட்டும் மூன்று பெரிய மேட்ச் ஆடினார்கள்: பிப்ரவரி 20 சிகாகோ, ஏப்ரல் 2 நியூ ஆர்லியன்ஸ், மே 7 நாஷ்வில். முதல் இரண்டில் ஸ்டீம்போட், மூன்றாவதில் ஃபிளேர். நியூ ஆர்லியன்ஸ் மேட்ச் ஏறக்குறைய 55 நிமிஷம். அதை நான் முழுசாக உட்கார்ந்து பார்த்தது ஏற்காட்டில், அத்தை வீட்டில். நவம்பர் மாதம், நாலு மணிக்கே பனி இறங்கி எதிரே இருந்த சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. வெளியே போக முடியாது. மலை ஏறும் முன்பே மேட்சை இறக்கி வைத்திருந்தேன். காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். ரெஸ்லிங் பார்த்துப் பழக்கமே இல்லாதவர். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. ஃபிளேரின் மார்பு அறை வாங்கி வாங்கிச் சிவந்துபோனதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அறைகள் நிஜமான அறைகள், அதில் நடிப்பு எதுவும் இல்லை. ஃபிளேர் கெஞ்சுகிறார், பின்வாங்குகிறார், இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்கிறார், நடுவர் பார்க்காதபோது ஏமாற்றுகிறார், மூலையில் மோதித் தலைகீழாகப் போய் விழுகிறார், நாலடி நடந்து முகம் குப்புற விழுகிறார். முடிந்ததும் மாமா சொன்னார்: "அந்தச் செம்பட்டைத் தலைக்காரன் இல்லைன்னா இந்தப் பையன் யாரடா அடிச்சிருப்பான்?"

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஐம்பத்தைந்து நிமிஷமும் ஸ்டீம்போட் நல்லவர் என்று நம்மை நம்ப வைத்தது ஃபிளேர். எண்பதுகளின் ரெஸ்லிங் மெதுவாக இருக்கிறது என்று இன்றைக்குப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்த மெதுவே பிடித்திருக்கிறது. கேமரா அடிக்கடி தாவாது. ஒரு பிடியைப் பிடித்தால் அது முடியும்வரை காட்டுவார்கள். இப்போது ஒவ்வொரு அடிக்கும் கேமரா மாறுகிறது, விழுபவர் எப்படி விழுந்தார் என்று பார்ப்பதற்குள் அடுத்த கோணம் வந்துவிடுகிறது.

அப்புறம் பிரெட் ஹார்ட். நான் அவர் கட்சி, அதை மறைக்கவில்லை. 1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்லி மைதானம், சம்மர்ஸ்லாம். வெட்ட வெளியில், உள்ளூர்க்காரரான பிரிட்டிஷ் புல்டாக் டேவி பாய் ஸ்மித்துக்காக மைதானமே கத்துகிறது. டேவி வெளி ஆள் இல்லை, பிரெட்டின் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. பெல்ட் வைத்திருப்பது பிரெட், அன்றைக்குத் தோற்க வேண்டியதும் பிரெட். மேட்ச் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே டேவிக்குப் பேசி வைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது, மீதி முழுவதையும் தான் காதில் சொல்லிச் சொல்லித்தான் ஆட வைத்தேன் என்று பிரெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேட்சைத் திரும்பப் பாருங்கள். பிரெட் எங்கெல்லாம் டேவியின் தலைக்குப் பக்கத்தில் தன் வாயைக் கொண்டுபோகிறார் என்று தெரியும். கடைசியில் பிரெட்டின் கால்களை மடக்கிப் பிடித்து டேவி மூன்று எண்ண வைக்கும்போது மைதானம் வெடிக்கிறது. மாப்பிள்ளையின் வாழ்க்கையிலேயே பெரிய ராத்திரியைத் தோளில் சுமந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு மச்சான் தோற்று எழுகிறார்.

பிரெட்டுக்குத் தம்பி ஓவன். 1994 மார்ச் 20, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பத்தாவது ரெஸில்மேனியாவின் முதல் மேட்சே அண்ணன் தம்பிதான். கனடாவின் கால்கரியில் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீடு, அப்பா ஸ்டூ ஹார்ட்டும் மல்லர், வீட்டின் அடித்தளத்திலேயே பயிற்சிக்கூடம். அண்ணன் நிழலில் நின்ற தம்பியின் கோபம் என்பதுதான் கதை. பங்காளிப் பகை என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு அந்தக் கதைக்கு வசனமே தேவையில்லை. அன்றைக்குத் தம்பி சுத்தமாக ஜெயிக்கிறார், எந்த ஏமாற்றும் இல்லாமல். அதே இரவு கடைசியில் பிரெட் யோகோசூனாவை ஜெயித்து உலகப் பட்டத்தை வாங்குகிறார். எல்லோரும் அவரைத் தோளில் தூக்கும்போது, தூரத்தில் நடைபாதையில் ஓவன் நின்று பார்க்கிறார். பட்டம் அண்ணனிடம், ஆனால் முதல் மேட்சில் தோற்ற கணக்கு இன்னும் தீரவில்லை. அந்தப் பார்வைக்காகவே நிகழ்ச்சி முழுவதையும் பார்க்கலாம். நடுவில் ரேசர் ரமோனுக்கும் ஷான் மைக்கேல்ஸுக்கும் ஏணி மேட்ச் இருக்கிறது, மேலே தொங்கும் பெல்ட்டை ஏணியில் ஏறி எடுப்பவர் ஜெயிப்பார். ஜெயித்தது ரேசர். ஏணியின் உச்சியிலிருந்து பாய்ந்தது யார் என்று கேட்டால் எல்லோரும் ஷான் பெயரைத்தான் சொல்வார்கள்.

தோல்வியே ஒருவரை உச்சிக்குக் கொண்டுபோனதைப் பார்க்க வேண்டுமானால் 1997 மார்ச் 23, பதின்மூன்றாவது ரெஸில்மேனியா. பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின். நடுவர் கென் ஷாம்ராக். ஒருவர் 'போதும்' என்று ஒத்துக்கொள்ளும்வரை மேட்ச் முடியாது. பிரெட் நல்லவராக உள்ளே வந்தார், ஆஸ்டின் கெட்டவராக. கால்களைப் பின்னி முதுகை வளைக்கிற, பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியில் ஆஸ்டின் முகம் முழுக்க ரத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு கத்துகிறார், ஆனால் போதும் என்று சொல்லவில்லை. மயங்கி விழுகிறார். நடுவர் மேட்சை நிறுத்திவிட்டார். முடிந்த பிறகும் பிரெட் விடாமல் அடிக்க, கூட்டம் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. தோற்ற ஆஸ்டின் யார் கையையும் பிடிக்காமல் தானே நடந்து வெளியே போகும்போது ஊரே அவர் பக்கம். ஒரே மேட்சில் இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டார்கள். அடுத்த சில வருஷம் ரெஸ்லிங் என்றாலே ஆஸ்டின் என்று ஆனது இந்தத் தோல்வியிலிருந்துதான்.

பலரும் முதலில் தேடுவது 1997 நவம்பர் 9 மான்ட்ரியலைத்தான். பிரெட் ஒத்துக்கொள்ளாமலேயே நிறுவனம் மணி அடிக்கச் சொல்லி அவர் பட்டத்தைப் பறித்த நாள். அது வியாபாரச் சண்டை. கதை தெரிந்தால் போதும், மேட்சாக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. 1998 ஜூன் 28 பிட்ஸ்பர்க்கில் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலி விழுந்ததையும் எல்லோரும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள். அதைப் பார்த்த கண்ணுக்கு ஸ்டீம்போட் கை முறுக்குவதில் ருசி தெரியாமல் போய்விடும்.

வர்ணனையையும் அணைத்துவிடாதீர்கள். கொரில்லா மான்சூனும் பாபி ஹீனனும் சேர்ந்து பேசுவது கட்டியங்காரன் பேச்சு மாதிரி. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, கடைசி வரை நிற்பவர் ஜெயிக்கிற 1992 ராயல் ரம்பிளில் ஃபிளேர் மூன்றாவது ஆளாக வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று பட்டம் வாங்குகிறார். அந்த ஒரு மணி நேரமும் ஹீனன் ஃபிளேருக்காகத் தவிக்கிற தவிப்பு இருக்கிறதே, மேட்சில் பாதி அதுதான்.

கஷ்டமான பகுதிக்கும் வருகிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் நேர்மையாக இருக்காது. நான் மேலே சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. ஓவன் ஹார்ட் 1999 மே 23-இல் கன்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார், வயது 34. யோகோசூனாவும் 34 வயதில், 2000-இல். டேவி பாய் ஸ்மித் 2002-இல், 39 வயதில். ராண்டி சாவேஜ் 2011-இல். ஓயாத பயணம், வலி மாத்திரை, ஸ்டீராய்டு, காயத்தோடு ஆட வேண்டிய கட்டாயம் எல்லாம் அந்தத் தலைமுறையைச் சீக்கிரம் தின்றுவிட்டன. பழைய மேட்ச் பார்க்கும்போது இது உறுத்தத்தான் செய்கிறது. உறுத்த வேண்டும். நான் பார்ப்பதை நிறுத்தவில்லை, அவர்கள் உடம்பைக் கொடுத்துச் செய்த வேலையை நிதானமாகப் பார்க்க ஒருவராவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் கிறிஸ் பென்வா மேட்ச்களை நான் போடுவதில்லை. 2007-இல் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தானும் இறந்தவர். அவர் திறமை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, அந்தச் சிறுவன் நினைவு வந்துவிட்டால் என்னால் பார்க்க முடிவதில்லை. வேறு விதமாக நினைப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

இனி உங்கள் பையன். காட்டுங்கள், ஆனால் கூடவே உட்கார்ந்து காட்டுங்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இது பேசி வைத்து ஆடுவது, விழுவதற்கு வருஷக்கணக்கில் பழகியிருக்கிறார்கள், வீட்டுக் கட்டிலில் தம்பியைத் தூக்கிப் போட்டால் கழுத்து போய்விடும். எங்கள் தெருவில் மெத்தை மேல் ஸ்லாம் போட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்த பையன் உண்டு, அதனால் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ரத்தம் உள்ளவற்றைப் பெரியவன் ஆனதும் பார்த்துக்கொள்ளட்டும். யூடியூபில் நிறுவனமே பல பழைய மேட்ச்களை முழுசாகப் போட்டு வைத்திருக்கிறது, எங்கும் அலைய வேண்டியதில்லை.

பையனுக்கு முதல் மேட்ச் நான் சொல்வது 1993 மே 17, ரா நிகழ்ச்சி. ரேசர் ரமோன் என்கிற ஆறரை அடி ஆள். எதிரே பெயர் தெரியாத ஒல்லிப் பையன், வாரா வாரம் தோற்பதற்கென்றே கூட்டி வருகிற ஆட்களில் ஒருவன். அன்றைக்கு அந்தப் பையன் மேல் கயிற்றிலிருந்து பின்பக்கமாகப் பாய்ந்து ரேசர் மேல் விழுந்து மூன்று எண்ண வைத்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் பெயரே ஒன் டூ த்ரீ கிட் ஆகிவிட்டது. நாலைந்து நிமிஷம்தான், ரத்தம் கிடையாது.

போன மே மாத லீவில் அக்கா மகனுக்கு இதைத்தான் போட்டுக் காட்டினேன். ஒன்பது வயது. மூன்று எண்ணியதும் எழுந்து குதித்தான், கத்தினான், அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துத் திட்டினாள். குதித்து முடித்து உட்கார்ந்தவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்தப் பெரிய ஆளு இப்ப என்ன பண்ணுவாரு?"

நான் பதில் சொல்வதற்குள் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, ரேசர் எழுந்து உட்கார்ந்து என்ன நடந்தது என்று புரியாமல் விழிக்கிற இடத்திலிருந்து மறுபடியும் ஓட்டினான்.